முனியறையில் முனிவர் இருந்தாரா?

விடுமுறைக்கு மூணாறு போகும் நம் குடும்பங்களில் சில, வட்டவடை, மறையூர் வரை போய் வருகின்றன. பூண்டும் காய்கறியும் வாங்கி வருவதோடு பிள்ளைகள் ஒரு கேள்வியும் கொண்டு வருகிறார்கள்: "அந்த முனியறைக்குள்ளா ஆதிமனிதர் குடியிருந்தார்கள்?"

இல்லை. முனியறை என்பது பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்திட்டை. சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. மூடுகல் 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் கனம் என்று வைத்தாலே எடை சுமார் 1,600 கிலோ! கிரேன் இல்லாமல் தூக்கி வைத்திருக்கிறார்கள். ரயில்வேயில் காலம் தள்ளிய நான் கும்பிடத்தான் வேண்டும். வட்டவடைக்குக் கிழக்கே பழனி மலையில் இருப்பவற்றை ஆங்க்லேட், நியூட்டன் என்ற ஏசு சபைப் பாதிரிமார் ஆராய்ந்து, 1928-இல் நூலே வெளியிட்டார்கள்.

ஒதுங்கித் தங்க உதவியது வேறு இடம்: கூரைபோல் நீண்டிருக்கும் பாறையின் அடி. மறையூர்ச் சந்தனக் காட்டில் அப்படி ஒன்றுக்கு எழுத்தளை என்று பெயர். தமிழிலும் அளை என்றால் குகைதானே. அங்கே பாறையில் மான் முதலிய உருவங்கள் தீட்டியிருக்கிறார்கள்.

அவை அழியாமல் இருப்பதற்கு வறட்சியும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவமழை மூணாறுப் பக்கம் 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டிவிடுகிறது. மலைக்கு இப்பால் வரும்போது மேகம் காலி. சின்னாற்றில் ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ.தான். குடிக்கத் தண்ணீர்? பாம்பாறு இருக்கிறது. கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. அமராவதியில் போய்ச் சேருகிறது.

ஹவாய்த் தீவில் நிலைமை இதைவிடக் கடினம். அங்கே காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குச் சரிவும் எரிமலைகளுக்கு இடைப்பட்ட மேட்டுநிலமும் காய்ந்து கிடக்கும். பெய்கிற கொஞ்ச மழையையும் எரிமலைப் பாறை உறிஞ்சிவிடும், ஆறு கிடையாது. பழங்குடிகள் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த குழாய் போன்ற குகைகளில் தங்கினார்கள். கூரையிலிருந்து சொட்டும் நீரைச் சுரைக்குடுக்கையில் பிடித்தார்கள். ரயில் சுரங்கப்பாதையில் கூரைக் கசிவு என்றால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். அவர்களுக்கோ அதுதான் குடிநீர்!

சின்னாற்றில் வனத்துறை வழிகாட்டியுடன் நடந்து போய் ஆலம்பெட்டிக் குகை ஓவியங்களைப் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மறையூர் ஓவியங்கள்மேல் பெயர் கிறுக்கிய புண்ணியவான்களும் உண்டு. தண்ணீர் தெளித்தால் ஃபோட்டோவில் பளிச்சென்று விழும் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். மழை படாமல் தங்கிய சாயம் அது.