பைக்குள்ளே சொரசொர!

கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. மூச்சுக் காட்டாமல் எட்டிப் பாருங்கள்! பாயில் நாலு வாண்டுகள், கூடவே இரண்டு அக்காக்கள். ஒருவர் ஸ்பீச் தெரபிஸ்ட், இன்னொருவர் ஓ.டி. என்று எல்லோரும் சொல்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

பார்த்தால் வெறும் கும்மாளம். ஆனால் இங்கே எதுவுமே சும்மா இல்லை! அந்த பபிள்ஸ் பாட்டிலின் மூடியை வேண்டுமென்றே இறுக்கி வைத்திருக்கிறார்கள். பையன் திருகுகிறான், விரல் வழுக்குகிறது, அக்காவைப் பார்க்கிறான். அக்கா புருவத்தை மட்டும் தூக்கிவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். ஐந்தை எட்டுவதற்குள் வந்துவிட்டது: "தொற!" திருகியது ஓ.டி., கேட்டது ஸ்பீச். ஒரே மூடியில் இரண்டும்!

அதற்கு எதற்கு நாலு பேர்? தனியாக உட்கார வைத்தால் வாயே திறக்காத பிள்ளையும், பக்கத்துப் பிள்ளைக்கு ஊஞ்சலில் இரண்டு ஆட்டம் கூடக் கிடைத்தால் "எனக்கு!" என்று கத்திவிடும். அந்தக் கோபம் எவ்வளவு அழகு தெரியுமா!

அம்மா அப்பாக்களும் உள்ளேதான். வேலூரில் இது பழைய பழக்கம். சி.எம்.சி. மருத்துவமனையின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பமும் தங்கும் வழக்கம் 1950களிலேயே வந்துவிட்டது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். வீட்டுக்குப் போனபிறகு தெரபிஸ்ட் அவர்கள்தானே! வீட்டில் பல்லாங்குழி எடுத்தால் சோழியைக் கிள்ளி எடுக்க விரல், எண்ணிச் சொல்ல வாய், "இப்ப உன் முறை" என்று காத்திருக்கப் பொறுமை. பாட்டி வீட்டுப் பரணில் எவ்வளவு பெரிய புதையல்!

சரி, பாயின் நடுவில் ஒரு துணிப்பை இருக்கிறதே, அதில் என்ன? தோல் ஷூ செய்யும் ஆம்பூர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்: ஷூவுக்கு வெட்டியதுபோக மிஞ்சிய தோல் துண்டுகள். எதையும் வாயில் வைக்கிற வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த ஆட்டம். பார்க்காமல் கையை விட்டுத் தடவ வேண்டும். ஒரே துண்டில் மேல்புறம் வழவழ, உள்புறம் சொரசொர. விரல் தொட்ட அதே நொடியில் நாக்குக்கு ஒரு சொல்! பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இரட்டைக்கிளவி, பேசத் தொடங்கும் பிள்ளைக்காகவே பிறந்ததுபோல் இருக்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்வதால் பிடித்துக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு. முழுதாக வராவிட்டால் "சொ" போதும், பை அடுத்த கைக்குப் போகும்.

இதோ, இதுவரை ஒரு சத்தமும் போடாத குட்டிப்பெண்ணின் முறை. துண்டை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொள்கிறாள். பக்கத்துப் பையன் அவசரப்பட்டு "வழவழ" என்கிறான். அவள் அவன் வாயையே பார்க்கிறாள். இரண்டு அக்காக்களும் அசையவில்லை. கம்பெனியில் நாளெல்லாம் தோல் தைக்கும் அவள் அம்மா, சுவரோரம் முந்தானையை இறுகப் பிடித்தபடி நிற்கிறார்.

"வ...வ!"

பை இன்னொரு சுற்றுக்குக் கிளம்புகிறது.