மண்ணோடு ஒட்டிய நிபந்தனை

மறைமலை நகர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மனை வாங்குபவர்கள், முப்பது வருட வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தச் சான்றுக்குத் தெரியாத ஒரு நிபந்தனை செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில் 130 ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது.

1891-ல் இங்கே ஆட்சியராகப் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். ஊர்த் தரிசைக் கேட்டு உழைப்பாளி மனுப் போட்டால், மிராசுதாரர் முன்னுரிமை கோரி அதைத் தட்டிப்பறிக்க முடிந்தது. குடிசை நின்ற இடமும் சொந்தமில்லை. அறிக்கையின் விளைவாக, இம்மக்களுக்கு நிலம் ஒப்படைக்க 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை பிறந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் எனப் பெயர் பெற்றவை இப்படி ஒப்படைக்கப்பட்டவைதான். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது.

என்னை வியக்கவைப்பது இதுதான்: வழக்கமாக ஒப்பந்தம் கையெழுத்திட்டவரைக் கட்டும்; இது நிலத்தையே கட்டுகிறது. முதல் விற்பனை செல்லாதபோது, அதன்மேல் எழுதிய பத்தாவது பத்திரமும் செல்லாது. இல்லாத உரிமையை யார், எப்படி விற்பது?

பிறகு ஏன் இந்த நிபந்தனை வில்லங்கச் சான்றில் வருவதில்லை? அந்தச் சான்று சார்பதிவாளரிடம் பதிவான பத்திரங்களின் பட்டியல். அரசு தரும் நில ஒப்படைப்பைப் பதிய வேண்டியதில்லை என்கிறது 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நிபந்தனை இருப்பதோ வருவாய்த் துறையின் பழைய ஏடுகளில். 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில், அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயருக்குப் பல இடங்களில் பட்டா மாறியது, ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலம் என்பதைச் சுட்டும் ‘டி.சி.’ என்ற குறிப்பும் விடுபட்டது. ஏழைக்குக் கொடுத்த ஒரே பாதுகாப்பு இப்படி எழுத்தர் மேசையில் கரைந்தது பெரும் அநீதி. இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

மனை வாங்குபவர் கேட்க வேண்டியது யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டின் நகல். சர்வே எண்ணுக்கு நேரே குறிப்புக் கலத்தில் ‘டி.சி.’ என்றிருந்தால், அந்த நிலத்தை மீட்டுப் பட்டியல் சாதியினருக்கே திரும்ப ஒப்படைக்க அரசுக்கு இன்றும் அதிகாரம் உண்டு.