தினம் ஓர் எழுத்து

திருமலைக் கோயிலில் உண்டியல் அருகே ஒரு சிறிய அறை உண்டு. காணிக்கை செலுத்தும் அவசரத்தில் பலர் அதைக் கவனிப்பதில்லை. 'சங்கீர்த்தன பண்டாரம்' என்று அதற்குப் பெயர். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டி, அங்கேதான் நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கி வைத்திருந்தார்கள். அவர் குமாரர் பெத்த திருமலாச்சாரியார் செய்த ஏற்பாடு அது.

அன்னமாச்சாரியார் 16 வயதில், 1424-ல் பாடத் தொடங்கி, 1503-ல் மறையும் வரை பாடினார் என்று செப்பேடு கூறுகிறது. மொத்தம் 32 ஆயிரம் சங்கீர்த்தனங்கள் என்று பேரர் சின்னண்ணா எழுதிய சரித்திரம் சொல்கிறது. இன்று கிடைப்பவை 12 ஆயிரத்துக்கு மேல்.

32 ஆயிரம் என்றால் தலை சுற்றும். காகிதத்தில் கணக்குப் போட்டால் சுற்றாது. 79 ஆண்டுக்கு 28,835 நாட்கள். லீப் வருஷ நாட்களைச் சேர்த்தாலும் 29 ஆயிரத்தைத் தாண்டாது. ஆக, நாளொன்றுக்கு ஒரு பாட்டு, எப்போதாவது இரண்டு. அவ்வளவுதான்!

நம்மவர் நிலை

சித்தூருக்கும் திருப்பதிக்கும் பிழைக்க வந்த நம்மவர்களில் தெலுங்கு பேசாதவர் குறைவு. படிக்கத் தெரியாதவர்களோ ஏராளம். பல ஆண்டு இங்கேயே வேலை பார்த்தும், பஸ் பலகையைப் படிக்கப் பக்கத்து ஆளைக் கேட்கிறார்கள். அது போகட்டும். கடன் பத்திரத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும் அடுத்தவர் படித்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் கொண்டு வரும் நோட்டீசை மகனே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மார்க் குறைந்த சேதி அதில் இருந்தால் அவன் எப்படிப் படிப்பான்?

ஆசை இல்லாமல் இல்லை. யுகாதி வந்தால் தெலுங்குப் பால பாடம் வாங்குகிறார்கள். முதல் நாள் இரண்டு மணி நேரம் படிப்பு. நாலாம் நாள் நைட் டியூட்டி. ஐந்தாம் நாள் தூக்கம். அதன் பிறகு புத்தகம் அலமாரி மேல் ஏறிவிடும். இதைச் சோம்பல் என்று ஏசுவது நியாயமல்ல. இரண்டு மணி நேரத் திட்டம் நல்ல நாளில்தான் நடக்கும். ஐந்து நிமிஷத் திட்டம் கெட்ட நாளிலும் நடக்கும்.

எத்தனை நாள் பிடிக்கும்?

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்து இதைச் சோதித்து, முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு காரியத்தை, தினமும் குறித்த ஒரு வேளையில் செய்து வந்தார்கள். யோசிக்காமலே செய்யும் அளவுக்கு அது பழக சராசரி 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதும். சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்பது வெறும் பேச்சு. நம் பெரியவர்களின் ஒரு மண்டலம், 48 நாள், எவ்வளவோ மேல்! நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. 'நேற்று விட்டுப் போயிற்று' என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேளை குறிப்பது முக்கியம். 'நேரம் கிடைக்கும்போது' என்றால் கிடைக்காது. காலை டீ குடித்த கையோடு என்று வைத்துக் கொள்ளலாம். ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் புத்தகமே வேண்டாம். சித்தூர், பாகாலா, சந்திரகிரி, ரேணிகுண்டா நிலையப் பலகைகளில் தெலுங்கோடு ஆங்கிலத்திலும் பெயர் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்தால் எழுத்து பிடிபடும். செலவும் இல்லை.

தமிழில் ஒரே 'க' செய்யும் வேலைக்குத் தெலுங்கில் நான்கு எழுத்துகள். பலர் மிரள்வது இங்கேதான். மூச்சைக் கூட்டிச் சொல்லும் எழுத்துகள் பஸ் பலகைகளில் குறைவாகவே வரும். அவற்றைக் கடைசிக்கு ஒத்தி வைக்கலாம்.

முதல் வாரத்துக்கு இரண்டு ஊர்ப் பெயர் போதும். தெலுங்கில் திருப்பதிக்கு 'ப்' கிடையாது, 'திருபதி'தான். தி, ரு, ப என்று மூன்றே எழுத்து. 'தி' இரண்டு முறை வருகிறது. சித்தூரை 'சித்தூரு' என்று எழுதுவார்கள். 'ரு' ஏற்கெனவே கைவசம். 'சி'யும் 'த்தூ'வும் சேர்ந்தால் முடிந்தது. அந்தத் 'த்தூ'வில் ஒரு 'த'வுக்கு அடியில் இன்னொரு குட்டித் 'த' தொங்கும். 'ஒத்து' என்பார்கள். அது ஒன்றுக்கு மட்டும் இரண்டு நாள் கொடுக்கலாம்.