பொங்க விடாதே, பிசையாதே, திறக்காதே

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாகாணங்களில், கோழி மாமிசத்தை வெங்காயம், காரட், செலரித் தண்டு ஆகியவற்றோடு நிதானமாக வேகவைத்து, அந்தச் சாறு கொதித்துக் கொண்டிருக்கும்போதே மைதா மாவை உருண்டைகளாக அதன்மேல் இட்டு, மூடிச் சமைக்கிற ஒரு குழம்பு உண்டு. ‘சிக்கன் அண்ட் டம்ப்ளிங்ஸ்’ என்று பெயர் வழங்கும் இது, முட்டையிட்டு ஓய்ந்த கிழட்டுக் கோழியையும் வீட்டிலிருக்கும் மாவையும் கொண்டே ஒரு பெரிய குடும்பத்தின் பசியை ஆற்றிவந்த எளிய ஆகாரம். இதைச் சமைக்கக் கற்றுக்கொடுக்கும் பெரியவர்கள் மூன்று விஷயங்களை வற்புறுத்துவார்கள்: சாறு தளதளவென்று பொங்கக் கூடாது, மாவை அழுத்திப் பிசையக் கூடாது, உருண்டைகள் வேகும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ரசாயன சாஸ்திரத்தைப் படியாதவர்கள் அனுபவத்தால் கண்ட இம்மூன்று விலக்குகளுக்கும் அச்சாஸ்திரம் பூரண ஆதரவு தருகிறது.

முதலாவது, மாமிசத்தைப் பற்றியது. கோழியின் தசைகளையும் எலும்புகளையும் பிணைத்து நிற்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அமைப்புடைய இது, பறவைக்கு வயது ஏற ஏற மேலும் மேலும் இறுகுகிறது. சுமார் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அந்த முறுக்குத் தளரத் தொடங்கி, நெடுநேரம் வேக வேக, ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரைந்துவிடும். நன்கு வெந்த சாற்றை விரலில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுவென்று ஒட்டுவதும், அதைக் குளிரவைத்தால் அசைத்தாலும் சிந்தாதபடி உறைந்து நிற்பதும் இந்த ஜெலட்டினால்தான். ஆனால் கொலாஜனை இளக்கும் அதே உஷ்ணம் தசையிழைகளின் புரதங்களைச் சுருக்கி, அவற்றிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது. தீ அதிகமாக ஆக இந்தச் சுருக்கமும் அதிகமாகும். அன்றியும், சாறு பொங்கிப் புரளும்போது மேலே மிதக்கும் கொழுப்பும் திரண்ட நுரையும் நுண்துளிகளாக உடைந்து கலந்து, தெளிவைக் கெடுக்கின்றன. ஆகவே கொலாஜன் மிகுந்த கால் பகுதியைச் சிறு தீயில் நெடுநேரம் விடுவதும், கொலாஜன் குறைந்த நெஞ்சுப் பகுதியை உள்ளே 74 டிகிரி எட்டியவுடன் எடுத்து வைத்துக்கொள்வதும் உசிதம்.

இரண்டாவது விலக்கு மாவைப் பற்றியது. கோதுமை மாவிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் நீர் பட்டவுடன் இணைந்து, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. பிசையப் பிசைய இவ்வலை வலுக்கும். ரொட்டிக்கு இது குணம், டம்ப்ளிங்குக்கோ தோஷம். அதனால்தான் வெண்ணெயை மாவில் உதிர்த்து, பாலையோ மோரையோ விட்டு, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மட்டும் கிளறி, கட்டிகள் தென்பட்டாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாவை உப்பச் செய்வது பேக்கிங் பவுடர். ஜெர்மனியில் லீபிக் என்ற ரசாயன அறிஞரிடம் பயின்று, ஹார்வர்டில் ஆசிரியராக இருந்த எபன் ஹார்ஸ்ஃபோர்டு என்ற ரசாயனப் பேராசிரியர், எலும்பிலிருந்து கால்சியம் பாஸ்பேட் அமிலப் பொடியைத் தயாரிக்கும் முறைக்கு 1856இல் காப்புரிமை பெற்றார். ஆப்பச் சோடாவோடு அப்பொடி ஈரத்தில் சேரும்போது கரியமில வாயு பிறக்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் பேக்கிங் பவுடரில் பெரும்பாலானவை நனையும்போது ஒரு முறையும், சூடேறும்போது மறுமுறையும் வாயுவை வெளியிடுகின்றன.

மூன்றாவது விலக்கே மிகச் சூக்ஷ்மமானது. சாற்றின்மேல் இட்ட உருண்டையின் அடிப்பாகம் சாற்றில் வேக, மேற்பாகம் நீராவியில் வேகிறது. 100 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு கிராம் நீராவி, மாவின்மேல் படிந்து நீராகும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதே ஒரு கிராம் வெந்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் கொடுப்பதோ ஒரு கலோரிதான். இந்தப் பெருவெப்பத்தால் உள்ளிருக்கும் வாயுக் குமிழிகள் விரிய, அவற்றைச் சுற்றிலும் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பருக்க, புரதம் இறுகி உருவத்தை நிலைநிறுத்துகிறது. அதற்குள் மூடியைத் திறந்தால் ஆவி வெளியேறி, மேற்புறம் குளிர்ந்து, குமிழிகள் சுருங்க, உருண்டை அமுங்கிப் பச்சை மாவாய் நின்றுவிடும். பக்குவமாக வெந்ததைப் பிட்டுப் பார்த்தால், உள்ளே ஈரப்பசை இன்றிப் பஞ்சு போன்ற துளைகள் தெரியும். அதிலிருந்து கசிந்த மாவுச்சத்தோ சாற்றைக் கெட்டியாக்கியிருக்கும்.

இக்குழம்புக்கு ஆதாரமான கோழிச்சாறு நோயாளிக்கு உகந்தது என்று 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத மருத்துவ அறிஞர் மைமோனிடிஸ் எழுதினார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரென்னார்டு 2000இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெள்ளை அணுக்களில் ஒருவகையின் நடமாட்டத்தைக் கோழிச்சாறு குறைப்பதாகச் சோதனைச்சாலையில் கண்டார். நோயாளியின் உடலிலும் அவ்வாறே நிகழ்கிறது என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. எனினும் சூடும் நீரும் உப்பும் புரதமும் ஒருங்கே தரும் ஆகாரம் சோர்ந்த உடலுக்கு இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை.

இக்குழம்பைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள், கோழிக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள். மாவைக் கலக்கும்போது கையைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். மூடியபின் 15 நிமிஷம் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.