உங்களுக்குத் தெரியுமா? கேசட்டில் பாடம் படித்த கம்ப்யூட்டர்

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1984-ல், மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில். முதலில் 250 பள்ளிகள். தேர்வான இயந்திரம், பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. பின்னர் மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் அதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது.

அதன் நினைவகம் வெறும் 32 கேபி! திருவண்ணாமலை டீக்கடையில் பக்திப் பாடல் ஒலித்த அதே ரக டேப் ரிக்கார்டரை இதனுடன் இணைத்தால் போதும், கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும். ஒரு நொடிக்கு ஏறக்குறைய 120 எழுத்துகள்தான். நினைவகம் முழுக்க நிரம்ப நாலைந்து நிமிடம். நடுவில் ஒரு பகுதி சரியாக ஏறாவிட்டால், நாடாவைச் சற்றுப் பின்னால் சுற்றி அந்தப் பகுதியை மீண்டும் ஏற்ற வேண்டும்.

இன்று இந்தப் பழைய இயந்திரங்களில் ஆர்வலர்கள் எஸ்டி கார்டைப் பொருத்துகிறார்கள். 32 ஜிபி கார்டு ஒன்றில் அந்த நினைவகத்தைப் போலச் சுமார் 10 லட்சம் மடங்கு அடங்கும். பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் 'கோடெக்' என்ற சிறு பெட்டியை வைத்து பென் டிரைவைச் செருகுவதும் உண்டு. அது எம்பிராய்டரி இயந்திரங்களிலும் புழங்கும் சாதனம். என்னைக் கேட்டால், பழசைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி இல்லை.

உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமில் ஒரு பிபிசி மைக்ரோ தூங்கினால், எடுத்தவுடன் பிளக்கில் மாட்டாதீர்கள். அதன் பவர் சப்ளையிலுள்ள பழைய கெபாசிட்டர்கள் வெடித்துப் புகையக்கூடும். முதலில் அவற்றை மாற்றுங்கள். கேசட்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாமல் நகலெடுத்து வையுங்கள்.