சும்மா நிற்கும்போது உதறும் கார்: பிளக் மாற்றியும் தீரலையா? ‘பிரீதர்’ பக்கம் பாருங்க!

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பொள்ளாச்சி காந்தி சிலை பக்கம் நெரிசலில் நின்றால் மட்டும் ஸ்டியரிங் நடுங்குது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குது, சில நேரம் வண்டியே ஆஃப் ஆகுது. “நிக்கையில உதறுதுங்க” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், பிளக் மாற்றுவார்கள். அடுத்து த்ராட்டில் பாடி கிளீனிங், அதற்கடுத்து இன்ஜெக்டர். இப்போதெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல் மீதும் பழி விழுகிறது. இவை எல்லாமே காரணமாக இருக்கலாம்தான். ஆனால் பலர் கடைசி வரை பார்க்காத ஒரு சின்ன பாகம் இருக்கிறது: பிசிவி வால்வு.

அது என்ன வேலை செய்கிறது?

பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சம், பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிந்து கீழே ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். இதைத்தான் நம்ம ஊர் மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்கிறார்கள். புது எஞ்சினிலும் இது கொஞ்சம் இருக்கும். அந்த வாயு வெளியேறாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், ஆயில் கெடும்.

ஆரம்ப காலத்தில் அதை அப்படியே ஒரு குழாய் வழியாக ரோட்டில் விட்டுவிடுவார்கள். 1920-ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சி - பழநி இடையே பஸ் ஓட்டிய காலத்து எஞ்சின்களுக்குக் காற்று மாசு பற்றிய விதி எதுவும் கிடையாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமூட்டம் மூடிய பிறகுதான் நிலைமை மாறியது. 1961-ல் கலிஃபோர்னியா இந்த பிசிவி முறையைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் வாகனப் புகைக்காகக் கட்டாயமாக்கப்பட்ட முதல் தொழில்நுட்பமே இதுதான். இன்றைய பிஎஸ்-6 பெட்ரோல் கார்களிலும் கிராங்க்கேஸ் வாயு வெளியே போகக் கூடாது. இன்டேக் வழியாக மறுபடி எஞ்சினுக்குள்ளேயே போய் எரிய வேண்டும்.

ஐடிலில் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சும் சக்தி அதிகம். அப்போது வால்வு கொஞ்சமாகத்தான் வழிவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வால்வை அதிகமாகத் திறக்கும். ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன முளை, அவ்வளவுதான் உள்ளே.

நிற்கும்போது மட்டும் ஏன் உதறுது?

வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, அதன் ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டாலோ, கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் நுழையும். ஐடிலில் எஞ்சின் எடுக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றும் பெரிய பங்கு. 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே ஓட்டை பொருட்டே இல்லை. அதனால்தான் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக், “வண்டி நல்லாத்தானே இருக்கு” என்று திருப்பி அனுப்புகிறார்.

வால்வு அடைத்துக்கொண்டால் கதை வேறு. வெளியேற வழியில்லாத ஆயில் ஆவி, பிரீதர் பைப் வழியாகப் பின்னோக்கி ஏர் ஃபில்டர் பக்கம் வரும். த்ராட்டில் பாடியில் பிசுக்கு படியும், ஐடில் தடுமாறும். சுத்தம் செய்தால் சரியாகும், சில மாதத்தில் மறுபடி வரும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஈரம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பிரீதர் பக்கம்தான் பார்க்க வேண்டும். தேங்காய் நார்த் தூள் பறக்கும் பாதைகளில் ஓடும் வண்டிகளில் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும் என்பதால், ஆயில் ஈரத்தில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும்.

வீட்டிலேயே பார்க்கலாமா?

முதலில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நிற்குது, ஆனால் கார் மட்டும் நடுங்குது என்றால் எஞ்சின் மவுன்ட் போயிருக்கலாம். முள்ளும் சேர்ந்து ஆடினால் மேலே போகலாம்.

ஐடிலில் ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள் (சூடான ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்). எஞ்சின் கொஞ்சம் தடுமாறுவது பல வண்டிகளில் இயல்பு. திறந்த வாயில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்தால் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். மூடியையே எடுக்க முடியாத அளவு இழுத்தால், அல்லது விசில் சத்தம் கேட்டால், வால்வு திறந்தே கிடக்கிறது, இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. காகிதத்தைத் தள்ளிக்கொண்டு புஸ் புஸ் என்று காற்று வந்தால், ஒன்று வால்வு அடைப்பு, இல்லை ரிங் தேய்மானம்.

தனியாகக் கழற்றும் வகை வால்வு என்றால், எஞ்சினை அணைத்துக் கழற்றிக் குலுக்குங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சிக்கியிருக்கிறது. சத்தம் வந்தாலே வால்வு நல்லது என்று அர்த்தமில்லை, ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதனால் ஹோஸை ஒரு முறை விரலால் அழுத்திப் பிடித்துப் பார்ப்பது நல்லது. அழுத்தியதும் உதறல் நின்றுவிட்டால் குற்றவாளி அந்த வழியில்தான் இருக்கிறான்.

கசிவைத் தேட கார்புரேட்டர் கிளீனர் அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும், வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் ஓட்டை எங்கே என்று புகையே காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேனர் இருந்தால் இன்னும் எளிது. ‘பி0171’ என்ற கோடு, கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது. ‘பி0300’ என்றால் மிஸ்ஸிங். கோடைவிட ஃப்யூயல் ட்ரிம் எண்தான் முக்கியம். ஐடிலில் அது 10 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் இருந்து, 2,500 ஆர்பிஎம்-ல் இயல்புக்கு வந்தால் அது காற்றுக் கசிவு. ஒரு விதிவிலக்கு: நம்ம ஊர் சிறிய கார்கள் பலவற்றில் மேப் சென்சார்தான். அவற்றில் ட்ரிம் பெரிதாக மாறாமல், ஐடில் மட்டும் ஏறி நிற்கும் அல்லது ஏறி இறங்கும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

தனி வால்வு பல சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். வால்வு கவருடன் சேர்ந்தே வரும் மாடல்களில் ஆயிரக்கணக்கில் போகும். அடைப்பை அப்படியே விட்டால் உள் அழுத்தம் ஆயில் சீல்களைத் தள்ளும். பின்பக்க கிராங்க் சீல் கசிந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

மலைப்பாதையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரேக் பூஸ்டரும் அதே மேனிஃபோல்டின் உறிஞ்சலை நம்பித்தான் இருக்கிறது. கசிவு பெரிதாக இருந்தால் பெடல் இறுகும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது எஞ்சின் ஆஃப் ஆனால், பூஸ்டரில் மிச்சமிருப்பது ஓரிரு மிதிப்புக்குத்தான் வரும். கியரில் இறங்கிய பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை வந்தால், ஆயில் இந்த வழியாக உறிஞ்சப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அதே புகையைப் பார்த்து “எஞ்சினைப் பிரிக்கணும்” என்று சொல்பவர்களும் உண்டு. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மலையின் குளிரில் அருகருகே மட்டும் ஓட்டும் கார்களில் ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிவது பெரும்பாலும் ஈரம்தான். ஒரு நீண்ட பயணத்தில் அது போய்விடும். போகாமல், கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

டீசல் பிக்கப்களில் இந்த அமைப்பு வேறு மாதிரி என்பதால் மேலே சொன்ன ஐடில் சோதனைகள் அவற்றுக்குப் பொருந்தாது. பெட்ரோல் காரில் புது வால்வு போட்ட உடனே ஐடில் சீராகவில்லை என்றாலும் பதற வேண்டாம். இசியு பழைய கசிவுக்கு ஏற்றபடி கற்றுவைத்த கணக்கு இன்னும் அழிந்திருக்காது. ஸ்கேனரில் அதை ரீசெட் செய்யச் சொல்லிவிட்டு, ஒரு முறை உடுமலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.