காரில் காத்மாண்டு செல்லத் திட்டமிடுவது எப்படி?

நெடும்பயணம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும்தான். ஆனால் சொந்தக் காரில் நாட்டின் எல்லையையே தாண்டிச் செல்வதென்றால் அவை மட்டும் போதா. அத்தகைய பயணம், வண்டி கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வீட்டு மேசையில் தாளும் பேனாவுமாகத் தொடங்கிவிடுகிறது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அன்றோ!

பொதுத்தேர்வு முடிந்தபின் மேடவாக்கத்திலிருந்து நேபாளத் தலைநகரான காத்மாண்டுவிற்குக் காரில் செல்ல எங்கள் குடும்பத்தில் முடிவு செய்துள்ளோம். அப்பா, அம்மா, எழுபத்தொரு வயதுப் பாட்டி, பன்னிரண்டு வயதுத் தம்பி ஆகியோருடன் நாங்கள் மொத்தம் ஐவர். பனிமலையை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பது பாட்டியின் நெடுநாள் ஆசை. விமானம் என்றால் அவருக்கு அச்சம். ஆகவே கார் என்று தீர்மானித்தோம். இதற்காக நாங்கள் திரட்டிய செய்திகள் பிறருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறோம்.

முதலில் வழியைப் பார்ப்போம். மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து தாம்பரம் வழியாக வண்டலூர் சென்றால், நகர நெரிசலில் சிக்காமல் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடிக்கலாம். பிறகு 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நெல்லூர், ஓங்கோல் வழியாக விஜயவாடா. அங்கிருந்து ஐதராபாத் சென்று, 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நாகபுரி. நாகபுரிக்கு வடக்கே பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே இச்சாலை செல்கிறது. வனவிலங்குகள் அடியில் கடந்து செல்லட்டும் என்று அங்கே சாலையையே தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். பின்னர் ஜபல்பூர், ரேவா, வாரணாசி, கோரக்பூர் வழியாக உத்தரப்பிரதேச எல்லையிலுள்ள சுனௌலியை அடையலாம். இதுவரை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

வரைபடத்தில் விரலை ஓட்டுவது எளிது. வண்டியை ஓட்டுவது அப்படியன்று. ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் செல்வதில்லை, இருட்டிய பின் ஓட்டுவதில்லை என்ற இரு விதிகளை வகுத்துள்ளோம். அப்பாவும் அம்மாவும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாறி மாறி ஓட்டுவார்கள். கோடையில் ஆந்திரத்திலும் நாகபுரியிலும் வெயில் கொளுத்தும். எனவே அதிகாலை நான்கரை மணிக்குப் புறப்பட்டு, நண்பகலில் நிழலில் தங்க வேண்டும். இக்கணக்கின்படி சுனௌலியை அடைய ஆறு நாட்கள். போய்வர மூன்று வாரங்கள்.

செலவையும் கணக்கிட்டோம். சுற்றுவழிகளையும் சேர்த்து 5,000 கிலோமீட்டர் என்றும், கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொண்டால் 333 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் முப்பத்து மூவாயிரத்தைத் தாண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளுக்கென 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் வழங்கப்படுகிறது; தொடக்கத்தில் அதன் கட்டணம் 3,000 ரூபாயாக இருந்தது. இத்தகைய நீண்ட பயணத்திற்கு அது சிக்கனமானது.

இனி முக்கியமான செய்தி: எல்லையில் காட்ட வேண்டிய தாள்கள். நேபாளம் செல்ல இந்தியருக்கு விசா தேவையில்லை. ஆனால் யார் எவர் என்பதற்குச் சான்று வேண்டும். பெரியவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை காட்ட வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் பதினைந்து வயதிற்குக் குறைந்தவர்களும் படமுள்ள வேறு சான்று காட்டலாம். அதனால் பாட்டிக்கும் தம்பிக்கும் ஆதார் அட்டையே போதும். பதினைந்து முதல் பதினெட்டு வயதுள்ள எங்களைப் போன்ற மாணவியருக்கோ ஆதார் அட்டை மட்டும் போதாது! பாஸ்போர்ட் இல்லாதவர்கள், பள்ளித் தலைமையாசிரியர் உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தரும் அடையாளச் சான்றிதழைக் கொண்டு எல்லையைக் கடக்கலாம். நம் தலைமைச் சகோதரியின் கையொப்பத்திற்கு நாட்டின் எல்லையிலும் மதிப்பு உண்டு என்பதை அறிந்து வியந்தோம்.

காருக்கும் தாள்கள் உண்டு. ஆர்.சி. புத்தகம், ஓட்டுநர் உரிமம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லைக்கு அப்பாலுள்ள பேலஹியா சுங்க அலுவலகத்தில் எத்தனை நாட்கள் தங்குவோம் என்று கூறி, அத்தனை நாட்களுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். இதனை அங்கே 'பன்சார்' என்பர். நம் கார் இன்ஷூரன்ஸ் பொதுவாக இந்தியாவிற்குள் மட்டுமே செல்லும். கூடுதல் கட்டணம் செலுத்தி அதனை நேபாளத்திற்கும் நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

இந்த நடைமுறை நமக்கு மட்டுமன்று. அமெரிக்காவிலிருந்து காரில் மெக்சிகோவின் உட்பகுதிக்குச் செல்பவர்களும் வண்டிக்குத் தற்காலிக அனுமதி பெற்று, மெக்சிகோவில் செல்லுபடியாகும் இன்ஷூரன்ஸும் எடுத்தாக வேண்டும். எந்த நாட்டு எல்லையிலும் முதலில் கேட்பது தாள்களையே.

நேபாளத்தில் வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கமாகச் செல்லும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களின் 1.60 ரூபாய் ஈடு. கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். காத்மாண்டுவின் உயரம் ஏறக்குறைய 1,400 மீட்டர்தான். 2,200 மீட்டருக்கும் மேலுள்ள உதகமண்டலத்தைப் பாட்டி ஏற்கெனவே கண்டவர் என்பதால் உயரத்தைப் பற்றிய கவலை நீங்கியது. 1950-களில் இந்தியாவின் உதவியுடன் திரிபுவன் ராஜபாதை அமைக்கப்படும் வரை காத்மாண்டு பள்ளத்தாக்கிற்குச் சாலையே இல்லை. அக்காலத்தில் செல்வர்களின் கார்களைச் சுமைதூக்குவோர் மலைமீது தோளில் சுமந்து சென்றார்களாம்!

இன்று சாலை உண்டு; ஆயினும் ஆபத்தும் உண்டு. சுனௌலியிலிருந்து செல்லும் வழியில் நாராயண்காட்–முக்லிங் மலைச்சாலை உள்ளது. 2024 ஜூலை 12 அன்று அங்கே ஏற்பட்ட நிலச்சரிவில் இரண்டு பேருந்துகள் திரிசூலி ஆற்றில் தள்ளப்பட்டுப் பலர் மாண்டனர். ஆகவே மழைக்காலம் தொடங்கும் ஜூனுக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். பனிமலை தெளிவாகத் தெரிவது அக்டோபர், நவம்பரில்தான். ஆனால் எங்களுக்கு விடுமுறை கோடையில்தானே! தெளிவைவிடப் பாதுகாப்பு பெரிது என்று பாட்டியும் ஒப்புக்கொண்டார்.

அதனால் எங்கள் திட்டத்தில் திரும்பும் இடத்தையும் முன்கூட்டியே எழுதியுள்ளோம். அது கோரக்பூர். 2025 செப்டம்பரில் நேபாளத்தில் கலவரம் மூண்டு காத்மாண்டு விமான நிலையமே மூடப்பட்டதை நாம் அறிவோம். அதுபோன்ற செய்தி வந்தாலோ, மலையில் பெருமழை பெய்தாலோ, பாட்டியின் உடல் களைத்துவிட்டாலோ, கோரக்பூரிலிருந்து வாரணாசிக்கே திரும்பி, கங்கைக் கரையையும் சாரநாத்தையும் கண்டு வீடு வந்து சேருவோம். அங்கே நின்று வாதாடுவதில்லை என்று ஐவரும் இப்போதே உறுதி கூறியுள்ளோம். களைப்பிலும் ஆசையிலும் எடுக்கும் முடிவைவிட, வீட்டில் அமைதியாக அமர்ந்து எடுக்கும் முடிவே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

அன்புத் தோழியரே, பெற்றோர்களே! நெடும்பயணம் செல்ல விரும்புவோர் வழியை வரையுங்கள், தாள்களைச் சேருங்கள், விதிகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் முன் மீண்டும் விசாரியுங்கள். எதுவரை செல்லலாம் என்று எண்ணுவதோடு, எங்கே திரும்பலாம் என்பதையும் எழுதி வையுங்கள். போய்ச் சேருவது மகிழ்ச்சி. புறப்பட்ட ஐவரும் ஐவராகவே வீடு திரும்புவது அதனினும் பெரிய மகிழ்ச்சி.